போர்க்கவசமும் அரங்க உடையும்: இடைக்கால இங்கிலாந்தில் தோலின் பயன்பாடு

முன்னுரை

இடைக்கால ஐரோப்பாவைக் களமாகக் கொண்ட திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும், அதன் சாயலில் படைக்கப்படும் மாயப்புனைவுகளிலும் வீரர்கள் பெரும்பாலும் பழுப்பு அல்லது கருநிறத் தோலாடையிலேயே தோன்றுகின்றனர். மார்புக்காப்பு, தோள்காப்பு, முன்கைக்காப்பு, கச்சை, வாளுறை ஆகிய யாவும் கையால் வெட்டி, நனைத்து, அச்சில் படியவைத்து, தைத்து உருவாக்கப்படுவன. இத்தோலுடைகளை வரலாற்றுப் பிழை எனப் புறந்தள்ளுவது படைக்கல வரலாற்றை ஆராய்வோரிடையே வழக்கமாகியுள்ளது. அக்கருத்தில் பாதி உண்மை உண்டு. இடைக்காலப் போர்வீரனின் உடலைக் காத்தவை முதன்மையாக இரும்பு வளையக் கவசமும், எஃகுத் தகடும், பல மடிப்புத் துணியுமே. ஆயின் போர்க்களத்தை விட்டு அரங்கையும் ஊர்வலத்தையும் விளையாட்டுப் போரையும் நோக்கினால் தோலின் இடம் வேறாகத் தெரிகிறது. காட்சிக்கான கவசத்தைத் தோலால் செய்யும் வழக்கம் திரைத்துறை கண்டுபிடித்ததன்று. அது இடைக்காலத்திலேயே இருந்தது. இக்கருத்தை இங்கிலாந்துச் சான்றுகளின் துணைகொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

வின்சர் பூங்காக் கணக்குச்சுருள், 1278

முதலாம் எட்வர்டு மன்னரின் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது 1278இல், வின்சர் பூங்காவில் விளையாட்டுப் போர் ஒன்று நடைபெற்றது. அதற்காக வாங்கப்பட்ட பொருள்களின் கணக்குச்சுருள் இன்றும் கிடைக்கிறது. சாமுவேல் லைசன்ஸ் அதனைப் படியெடுத்து, 1814இல் வெளிவந்த 'ஆர்க்கியாலஜியா' ஆய்விதழின் பதினேழாம் தொகுதியில் பதிப்பித்தார்.

அச்சுருள் காட்டும் பொருள்கள் வியப்பூட்டுவன. பங்கேற்ற 38 வீரர்களுக்கும் தோலால் ஆன மார்புக்காப்புகள் வாங்கப்பட்டன. தலைக்கவசங்களும் தோலால் ஆனவையே. அவற்றுள் உயர்நிலையினர்க்கு உரியவை பொன்முலாமும் ஏனையோர்க்கு உரியவை வெள்ளிமுலாமும் பெற்றன. வாள்கள் திமிங்கில எலும்பாலும் தோலேட்டாலும் செய்யப்பட்டன. அலகுக்கு வெள்ளிப் பூச்சு, கைப்பிடிக்குப் பொற்பூச்சு. தொலைவில் நின்று காண்போர்க்கு இவை உலோகமாகவே தெரிந்திருக்கும். காயம் விளைவிக்காத வாளும், அவ்வாளின் அடியைத் தாங்குமளவே வலிமையுள்ள தோற்கவசமும், உலோகமெனத் தோற்றுவிக்கும் பூச்சும் சேர்ந்த இத்தொகுதியைப் படைக்கலம் என்பதைவிட ஒப்பனைப் பொருள் என்பதே பொருந்தும். இன்றைய படப்பிடிப்புக் களத்தின் பொருட்கிடங்கு எந்நெறியில் இயங்குகிறதோ அந்நெறியிலேயே எட்வர்டின் அரண்மனைப் பணியாளரும் பொருள் வாங்கியுள்ளனர்.

அணிந்தோர் நடிகர் அல்லர், உண்மையான பிரபுக்களே என்பதும் கருதத்தக்கது. வீட்டில் இரும்புக்கவசம் வைத்திருந்தோர் ஒருநாள் விழாவுக்காகத் தோற்கவசம் பூண்டனர். இரும்பைப் பற்றிய அறியாமை அவர்களைத் தோலுக்கு இட்டுச்சென்றது என்று எவரும் கூறவியலாது.

'கொதித்த தோல்' என்னும் பொருள்

வடிவம் பெற்று இறுகிய தோலை இடைக்காலப் பிரெஞ்சு வழக்கு 'குயிர் பூயி' என்றது. 'கொதித்த தோல்' என்பது அதன் நேர்ப்பொருள். பெயர் மயக்கம் தருவது. தோலின் அடிப்படை கொலாஜன் என்னும் நார்ப்புரதம். மரப்பட்டையின் துவர்ப்புச் சத்தால் பதனிட்ட தோல் ஏறக்குறைய 70 முதல் 85 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரில் சுருங்கத் தொடங்கும். சற்றே சுருங்கிய நிலையில் எடுத்து உலர்த்தினால் மரம்போல் கடினமாகும். உண்மையாகவே கொதிக்கவிட்டால் அளவின்றிச் சுருங்கி, உலர்ந்தபின் நொறுங்கும். எனவே செய்முறை யாது என்பதில் அறிஞர் வேறுபடுகின்றனர். 1946இல் தோல்வினை அருங்காட்சியகத்தை நிறுவியோருள் ஒருவரான ஜான் வாட்டரர், தோலை நீரில் ஊறவைத்து, அச்சின்மேல் படியவைத்து, மிதமான வெப்பத்தில் உலர்த்தியிருக்கவேண்டும் என்று கருதினார். உருகிய மெழுகு ஊட்டினர் என்பாரும், பசை ஊட்டினர் என்பாரும் உளர். தொழிலாளர் ஒரே முறையைத்தான் கையாண்டனர் என்று கொள்ளவேண்டிய தேவையில்லை. குப்பி, பேழை, வாளுறை, கவசம் ஆகியவற்றுக்கு வேண்டிய கடினம் ஒன்றன்று.

இவ்வேலைக்குத் தாவரப் பதனீடு இன்றியமையாதது. 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய குரோமியப் பதனீட்டுத் தோல் கொதிநீரையும் தாங்கும். ஆனால் நனைத்து அழுத்தினால் வடிவத்தை ஏற்று நிலைநிறுத்துவதில்லை. இன்றைய அரங்கக் கைவினைஞர் தாவரப் பதனீட்டுத் தோலையே நாடுவதற்கு இதுவே காரணம், பழமைப்பற்று அன்று. இங்கிலாந்தில் ஓக் மரப்பட்டை செய்த பணியைத் தமிழகத்தில் ஆவாரம்பட்டை செய்தது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து இலண்டன் சந்தைக்குச் சென்ற 'கிழக்கிந்தியத் தோல்' இவ்வகையினதே.

இறைவனின் தோலாடை

வின்சர்ச் சான்று அரசவைக்கு உரியது. நகர மக்களின் அரங்கிலும் தோல் இருந்தது. இங்கிலாந்தின் நகரங்களில் தொழிற்குழுக்கள் விவிலியக் கதைகளை ஆண்டுதோறும் நடித்துவந்தன. கவென்ட்ரி நகரக் கொல்லர் குழுவின் 1451ஆம் ஆண்டுக் கணக்கில், இறைவனின் உடைக்கென ஆறு வெள்ளைத் தோல்கள் 18 பென்சுக்கு வாங்கப்பட்டதும், அவ்வுடையைத் தைக்க 10 பென்சு கொடுக்கப்பட்டதும் பதிவாகியுள்ளன. கொல்லர் நடத்தியது கிறித்துவின் பாடுகளைக் காட்டும் நாடகம். ஆதலின் 'இறைவன்' என்பது இங்கே கிறித்து வேடத்தையே குறிக்கும். வெள்ளைத் தோல் என்பது மரப்பட்டையால் அன்றிப் படிகாரத்தால் பதனிட்டது, மென்மையானது, மனித உடலின் நிறத்துக்கு நெருங்கியது. ஆடை களையப்பட்டும் அடிக்கப்பட்டும் நிற்கும் உடலை நாணமின்றிப் பொதுவெளியில் காட்ட இவ்வுடை உதவியிருக்கும் என்று கொள்வது பொருந்தும்.

இவ்விளக்கத்துக்குக் கார்ன்வாலிலிருந்து துணைச்சான்று கிடைக்கிறது. 1611ஆம் ஆண்டுத் தேதியிட்ட படியில் கிடைக்கும் கார்னிய மொழிப் படைப்பு நாடகத்தின் அரங்கக் குறிப்பு, ஆதாமும் ஏவாளும் வெள்ளைத் தோல் உடுத்துவரவேண்டும் என்கிறது. அங்கு அவ்வுடை ஆடையின்மையைக் குறிக்கும் ஆடை. தோலால் தோலையே நடித்துக்காட்டிய இவ்வுத்தி, ஒப்பனைக் கலையின் வரலாற்றில் இன்னும் விரிவாக ஆராயப்படவேண்டியது.

யார்க் நகரில் பொறுப்புப் பகிர்வே கருத்தைக் கவர்கிறது. 1415இல் தொகுக்கப்பட்ட நாடகப் பட்டியலின்படி, தோல் பதனிடுவோர் தொடக்க நாடகமான லூசிபரின் வீழ்ச்சியை நடத்தினர். செஸ்டர் நகரிலும் அதே நாடகம் அவர்களுடையதே. சேணம் செய்வோர் யார்க்கில் கிறித்து நரகத்தினுள் புகுந்து ஆன்மாக்களை மீட்கும் காட்சிக்குப் பொறுப்பேற்றனர். சாத்தான்களும் நரகவாயிலும் இடம்பெறும் காட்சிகள் தோல்தொழிலாளரிடம் சேர்ந்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஊர்ப்புறத்தே, நாற்றமும் புகையும் சூழப் பணிபுரிந்தோர்க்கு நரகத்தை ஒதுக்கிய சமூகப் பார்வையும் அதில் கலந்திருக்கலாம். இழிவெனக் கருதப்பட்ட தொழிலினர் படைப்பின் முதற்காட்சியையே தம் செலவில் அரங்கேற்றினர் என்பது மட்டும் ஐயத்துக்கு இடமற்றது.

ஈமச்சடங்கிலும் இதே கைவினையைக் காணலாம். 1376இல் இறந்த கருப்பு இளவரசர் எட்வர்டின் கல்லறைக்குமேல், கான்டர்பரிப் பேராலயத்தில் தொங்கவிடப்பட்ட பொருள்களுள் தலைக்கவச முடியில் நிற்கும் சிறுத்தையுருவம் அச்சில் வார்த்த தோலின்மேல் சுண்ணக்கலவை பூசிப் பொன்வண்ணம் இட்டது. கேடயத்தின் அல்லிகளும் விலங்குகளும் தோலில் வார்த்துப் பதித்தவை.

ஆணி பதித்த தோற்கவசம்: ஒரு தவறான வாசிப்பு

இவ்வளவு சான்றிருந்தும், திரையில் இன்று காணும் தோற்கவசம் இம்மரபிலிருந்து நேராக வந்ததன்று. அதன் தோற்றுவாய் 19ஆம் நூற்றாண்டுத் தொல்பொருள் ஆர்வலரின் ஊகங்களில் உள்ளது. சாமுவேல் ரஷ் மெய்ரிக் 1824இல் வெளியிட்ட பழங்கவச ஆய்வு, ஓவியங்களிலும் முத்திரைகளிலும் கண்ட வெவ்வேறு வரைமுறைகளை வெவ்வேறு கவச வகைகளாகப் பகுத்தது. ஓவியன் வளையக் கவசத்தைக் காட்டக் கையாண்ட சுருக்கக் குறிகள், தோல்மேல் வளையங்களும் தகடுகளும் தைத்த தனித்தனிக் கவசங்களாக மாறின. 'பிரிகண்டைன்' என்னும் கவசமும் இவ்வாறே மயக்கம் தந்தது. அதன் உட்புறம் சிறு எஃகுத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். வெளியே துணியும் ரிவெட்டு ஆணித்தலைகளும் மட்டுமே தெரியும். தகட்டை அறியாதவர் கண்ணுக்கு அது ஆணி பதித்த வெற்றுடை. 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' விளையாட்டு தோற்கவசத்தைத் தனிவகையாக விதியில் அமைத்தது. அதன் பிற்பதிப்புகளில் ஆணி பதித்த தோற்கவசமும் இடம்பெற்றது. விளையாட்டிலிருந்து ஓவியத்துக்கும், ஓவியத்திலிருந்து திரைக்கும் அது பரவியது.

துணியின் வலிமை மறக்கப்பட்டதே இவ்வரலாற்றின் பெரிய இழப்பு. பிரான்சின் பதினொன்றாம் லூயியின் ஆணை, வீரரின் காப்புச்சட்டை 25 அல்லது 30 மடிப்புத் துணியும் ஒரு கலைமான் தோலும் கொண்டதாக இருக்கவேண்டும் என்றது. காத்தது துணி, தோல் அதன் மேலுறை மட்டுமே. திரையிலோ மெத்தைச் சட்டை அழகற்றதாகத் தோன்றுவதால் தோல் முன்னிலை பெற்றுவிட்டது.

உலோகத்தையும் திரை அப்படியே கொள்வதில்லை. 1981இல் வந்த 'எக்ஸ்காலிபர்' படத்துக்கு டெர்ரி இங்கிலீஷ் அலுமினியக் கவசங்களைச் செய்தார். 2001 முதல் வந்த 'தி லார்டு ஆப் தி ரிங்ஸ்' படங்களுக்கு வேட்டா பணிமனையினர் பிளாஸ்டிக் குழாயை வளையங்களாக அறுத்துக் கோத்தனர். 'கேம் ஆப் த்ரோன்ஸ்' தொடரின் உடைவடிவமைப்பாளர் மிஷேல் கிளாப்டன் ஐக்கியா கடையின் கம்பள விரிப்புகளை வெட்டி, மழித்து, தோல்வார் பூட்டிப் போர்வைகளாக்கினார். வின்சரின் திமிங்கில எலும்பு வாளைச் செய்தவர் இவர்களைத் தம் இனத்தவராகவே கண்டிருப்பார்.

பிரித்தானிய அருங்காட்சியகத்தில் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தோலாலான மேற்கைக்காப்பு ஒன்று உள்ளது. கடினமாக்கப்பட்டு, புடைப்பு வேலைப்பாடு பெற்றது. இதனைப் போர்க்கவச வரிசையில் வைத்துக் காண்பதே இதுவரை இயல்பாக இருந்துவருகிறது. வின்சர்ச் சுருளை அருகில் வைத்து நோக்குங்கால், விழாப்போர்க்கு அணியப்பட்ட உடையின் உறுப்பாகவும் அதனைக் கருத இடமுண்டு.