மங்கு ஜாடியும் நம்ம நோட்டும்

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. பர்மாத் தேக்கு, இத்தாலி சலவைக்கல், முட்டை வெள்ளைக்கருச் சாந்து எல்லாம் எழுதியாச்சு. சாமான் அறையில் இருந்தது யாருக்குச் சொந்தம் என்று கேட்டவர்கள்தான் குறைவு. அப்போதெல்லாம் வீடு ஆண்மக்களுக்குப் பங்காகும். பெண்ணுக்குக் கொடுத்த சாமான் பெரும்பாலும் பெண்ணோடு போகும். அப்புறம் அவள் மகளுக்கு. அந்தக் காலத்துப் பெண்களின் சொத்துப் பத்திரமே மங்கு அலமாரிதான் என்பேன் நான்.

நகரத்தார் 19ஆம் நூற்றாண்டில் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்கப் போனார்கள். திரும்புகிற கப்பலில் சீன ஜாடி, ஜப்பான் கோப்பை, ஸ்வீடன் எனாமல் அடுக்கு எல்லாம் வந்தன. எனாமல் என்பது இரும்புத் தகட்டில் கண்ணாடிப் பூச்சு. அடிபட்டால் பூச்சு உதிரும், பாத்திரம் உடையாது. மங்கு சுட்ட மண், விழுந்தா போச்சு! ஆனாலும் ஊறுகாய்க்கு அதுதான். உப்பும் புளிப்பும் பித்தளையை அரிக்கும், மங்கை ஒண்ணும் செய்யாது. உப்பு மாங்காய் போட்டு, வெள்ளைத் துணியால் வேடு கட்டி வைத்தால் வருஷம் தாங்கும். 1942இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. ஆயிரக்கணக்கானோர் அரக்கான், மணிப்பூர் வழியாக நடந்தே ஊர் திரும்பினார்கள். நடந்து வந்தவர்கள் ஜாடியா தூக்கி வருவார்கள்? அதற்கு முன்னால் வந்து சேர்ந்ததுதான் மிச்சம்.

அந்த மிச்சமும் இப்போது போகிறது. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் வந்தால் ஜாடி இறங்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே போனபிறகு அது வெறும் பழைய ஜாடி, எந்த ஆயா வீட்டு ஜாடி என்று யாருக்கும் தெரியாது. விக்காதீங்கன்னு சொல்ல நமக்கு உரிமை இல்லை. பீஸ் கட்டணுமே. அதனால் நம்ம குழுக்களில் ஒன்றே ஒன்று கேட்கிறோம்: விக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் கொடுங்க, வரைஞ்சுக்கிறோம்.

போனில் போட்டோ எடுத்தால் போதாதா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எடுங்க, நல்லதுதான். ஆனால் பென்சிலோடு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் அதையே பார்க்கணும். கழுத்தில் ஓடுகிற மயிர்விரிசல், மூடி மாறிப்போனது, அடியில் இருக்கும் முத்திரை எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். முத்திரையில் நாட்டின் பெயர் இருந்தால் அநேகமாக 1891க்குப் பிந்தியது; அமெரிக்காவில் இறக்குமதிச் சரக்குக்கு அப்படி எழுதணும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது அப்போதுதான். வரைகிற நேரத்தில் வாயும் சும்மா இருக்காது. "இதுலதான் எங்க ஆத்தா காசை ஒளிச்சு வைப்பாக, புளிக்கு அடியில" என்று ஒரு ஆச்சி சொன்னது எந்தப் போட்டோவிலும் விழாது.

எல்லாம் பெரிய வீட்டுச் சாமானும் இல்லை. ஒரு உறுப்பினரின் அப்பத்தா பெரிய வீட்டில் பாத்திரம் தேய்த்தவர். ஓரம் உடைந்தது என்று கொடுத்த கோப்பையை அவர்கள் வீட்டில் மூணு தலைமுறையாக வைத்திருக்கிறார்கள். கொண்டுவரக் கூச்சப்பட்டார். அடுத்த பக்கத்திலேயே, அந்த உடைசலோடு வரைந்தோம்.

ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் யார் கொடுத்தது, யாருக்கு, எதற்காக என்று எழுதுகிறோம். பெயர் தெரியாத இடத்தில் கோடு மட்டும் போட்டிருக்கிறோம். தெரிந்தவர்கள் வந்து நிரப்புங்கள். நோட்டு கூட்டமைப்பு அலுவலக பீரோவில், கடன் லெட்ஜருக்குப் பக்கத்தில் இருக்கிறது.