மலையகத் தொழிலாளரும் பற்படல அளவீடும்

19ஆம் நூற்றாண்டில் தஞ்சை, திருச்சி முதலிய மாவட்டங்களிலிருந்து இலங்கைக்குச் சென்றோரின் வழிவந்த மலையகத் தமிழரிடையே, 480 தேயிலைத் தோட்ட ஆண் தொழிலாளரின் ஈறுகளை, ஹரால்டு லோ குழுவினர் 1970 முதல் 1985 வரை பரிசோதித்தனர். பல்லில் ஒட்டி வளரும் நுண்ணுயிர்ப் படிவாகிய பற்படலத்தை, அவர்கள் பயன்படுத்திய, 1964இல் சில்னஸும் லோவும் வெளியிட்ட குறியீடு 0 முதல் 3 வரை மதிப்பிடுகிறது. கண்ணுக்குப் புலப்படாத மென்படலம், ஈறு விளிம்போரம் ஆய்வூசியை இழுக்கும்போது அதன் நுனியில் ஒட்டினால் மட்டுமே 1 என்ற மதிப்பைப் பெறும் என்பதால், அளவீடு பரிசோதிப்பவரின் கைப்பழக்கத்தையே பெரிதும் சார்ந்திருந்தது. அதனாலேயே அதே இரு மருத்துவர்கள் தொடர்ந்து மதிப்பிட்டதும், அவர்களது மதிப்பீடு மாறாதிருக்கிறதா என்று மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டதும் இவ்வாய்வின் பெருஞ்சிறப்பு எனலாம். இத்தொழிலாளரின் பல் மருத்துவமே எட்டாத வறிய வாழ்வு அறிவியலுக்குச் சான்றானது வேதனைக்குரியது. ஏறத்தாழ அனைவரிடமும் படலம் மிகுந்திருந்தும், ஈறு நோய் 8 விழுக்காட்டினரிடம் விரைவாகவும் 81 விழுக்காட்டினரிடம் மிதமாகவும் முற்றியது. 11 விழுக்காட்டினரிடம் ஈறழற்சிக்கு அப்பால் செல்லவேயில்லை.