தோட்டத்து டிரெசரும் மூளை அறுவை மருத்துவரும்: பதிவேடு கூறும் வரலாறு

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் சாலையில் அமைந்துள்ளது உலு திராம். தோட்டங்கள் சூழ்ந்த இத்தகைய வட்டாரங்களில் நோயுற்ற தொழிலாளர் முதலில் நாடியது தோட்ட மருந்தகத்தையே. ‘டிரெசர்’ என மக்கள் அழைத்த மருத்துவ உதவியாளர் அங்கிருந்தார். தம்மால் இயலாத நோயாளியை அவர் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அனுப்பியவர், அறுவைக் கத்தியை ஏந்தியவர் ஆகிய இருவரின் தகுதியையும் சட்டம் எவ்வாறு நோக்கியது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

டிரெசரைப் பதிவு செய்ய 1965ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. மருத்துவர்களைப் பதிவு செய்யும் மருத்துவச் சட்டம் 1971இல் வந்தது. ஆயினும் அது மருத்துவர் என்ற பொதுத் தகுதியையே பதிந்தது. ஒருவர் மூளை அறுவையில் தேர்ந்தவரா என்பதற்குத் தனிப் பதிவேடு இல்லை. சுகாதார அமைச்சு தன் சிறப்பு மருத்துவர்களை அரசிதழில் அறிவித்து வந்தது. தனியார் துறைக்கும் சேர்த்த பொது அளவுகோல் நாட்டில் இல்லை.

இதற்கான காரணத்தை நாம் பயிற்சியின் வரலாற்றில் தேட வேண்டும். அமெரிக்காவில் நரம்பியல் அறுவை மருத்துவத்திற்கெனத் தனித் தேர்வு வாரியம் 1940இல் அமைந்தது. தமிழகத்தில் ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இத்துறையைத் தொடங்கினார், 1950இல் பி. இராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் பணியைத் தொடங்கினார். வேலூரில் 1957இல் முறையான பயிற்சியும் தொடங்கியது. மலேசியாவிலோ நரம்பியல் அறுவைக்கான முதுநிலைப் பட்டப்பயிற்சி, கிளந்தானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 2001இல்தான் தொடங்கப்பெற்றது. அதுவரை வெளிநாட்டுப் பயிற்சியையே நாடு நம்பியிருந்தது. பிரிட்டனின் பழைய எஃப்.ஆர்.சி.எஸ். தேர்வோ பொது அறுவை அறிவைச் சோதித்ததேயன்றி மூளை அறுவைத் திறனைத் தனியே அளந்ததன்று.

2006இல் தேசியச் சிறப்பு மருத்துவர் பதிவேடு தொடங்கப்பட்டது. அது விருப்பத்தின் பேரில் சேரும் பதிவேடாகவே இருந்தது. 2012இல் திருத்தப்பட்ட மருத்துவச் சட்டம் 2017 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோதுதான் அது கட்டாயமாயிற்று. சான்றிதழை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தலும் வேண்டும். ஆக, டிரெசரின் பதிவுக்கும் சிறப்பு மருத்துவரின் பதிவுக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது.

சட்டப் பதிவேடு புதிய சிக்கலையும் கொணர்ந்தது. எடின்பரோ அரசக் கல்லூரியின் தகுதிவழி இதய அறுவைப் பயிற்சி பெற்றோரின் பதிவு மறுக்கப்பட்டது. 2024இல் நாடாளுமன்றம் மீண்டும் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. அளவுகோல் இன்றியமையாதது, அது தேர்ந்த கைகளைத் தடுக்கும் வேலியாகிவிடலாகாது என்பதே இதனால் நாம் பெறும் படிப்பினை.

இன்றும் உலு திராமில் தலையில் அடிபட்டவருக்கு அரசுத் தரப்பில் மூளை அறுவை செய்யும் இடம் ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையே. அங்கு ஒப்புதல் தாளில் கையெழுத்திடும் உறவினர் மருத்துவரின் திறனை எடைபோட இயலாது. எனினும் பதிவேட்டில் அவர் பெயரை எவரும் தேடிப் பார்க்கலாம். முந்தைய தலைமுறைத் தோட்டத் தொழிலாளிக்குக் கிட்டாத உரிமை அது. அதனை நம் மக்கள் அறிந்து பயன்கொள்ளல் வேண்டும்.