தோடாவும் தந்தேவாடாவும்: ஊர்க்காரர் கையில் துப்பாக்கி

பயங்கரவாதத்தை எதிர்கொள்ள ஊர்மக்களுக்குத் துப்பாக்கி கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தாலே அமெரிக்காவையும் இஸ்ரேலையும் உதாரணம் காட்டுகிறார்கள். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பத்தாண்டு இடைவெளியில் நம் நாட்டிலேயே இரண்டு இடங்களில் இது நடந்திருக்கிறது. 1995இல் ஜம்முவின் தோடா மலைகளில் தொடங்கிய கிராமப் பாதுகாப்புக் குழுக்கள் ஒன்று. 2005இல் சத்தீஸ்கரில், அன்றைய தந்தேவாடா மாவட்டத்தில் கிளம்பிய சல்வா ஜுடும் மற்றொன்று.

தோடாவில் ஊர் என்றால் வரிசையான தெரு கிடையாது. மலைச்சரிவில் இங்கொரு வீடு, அங்கொரு வீடு. போலீஸ் சாவடிக்கு நடந்துபோகவே சில மணி நேரம் ஆகும். 1993 ஆகஸ்ட்டில், அன்று தோடா மாவட்டத்தில் இருந்த கிஷ்த்வார் அருகே பயங்கரவாதிகள் பேருந்தை நிறுத்தி, இந்துப் பயணிகளைத் தனியே பிரித்துச் சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகு மலையூர்கள் காலியாகிவிடும் என்ற பயம் அரசுக்கே வந்தது. முன்னாள் ராணுவத்தினரையும் ஊர் இளைஞர்களையும் சேர்த்துக் குழு அமைத்து, த்ரீ நாட் த்ரீ ரைபிள்களைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ள வேண்டிய பழைய துப்பாக்கி அது. எதிரே வருகிறவனிடம் இருப்பதோ ஏ.கே. 47. ஆனாலும் இருட்டில், தனக்குப் பழகிய கல்வீட்டின் மறைவிலிருந்து ஒருவன் சுட்டால் வருகிறவன் தயங்குவான். அந்தத் தயக்கம்தான் குழுக்களின் முழுப் பலம். எத்தனையோ ஊர்கள் காலியாகாமல் நின்றதற்கு அந்தப் பலமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். பூஞ்ச் மாவட்டத்தின் சூரன்கோட் பக்கம் குஜ்ஜர் முஸ்லிம் பெண்களும் துப்பாக்கி ஏந்திக் காவல் நின்றார்கள்.

தந்தேவாடாவில் நடந்தது வேறு. மாவோயிஸ்டுகளுக்கு எதிரான மக்கள் எழுச்சி என்று சொல்லப்பட்ட சல்வா ஜுடுமுக்குக் காங்கிரஸ் தலைவர் மகேந்திர கர்மா முகமானார், பா.ஜ.க. அரசு துணை நின்றது. ஆதிவாசி இளைஞர்கள் சிறப்புக் காவலர்களாக, அங்கே எல்லோரும் சொல்கிறபடி எஸ்.பி.ஓ.க்களாக, எடுக்கப்பட்டார்கள். ஐந்தாம் வகுப்பு படித்திருந்தால் முன்னுரிமை, இரண்டு மாதப் பயிற்சி, கையில் ஆயுதம். பிறகு அவர்களைப் பாதுகாப்புப் படையோடு காட்டுக்குள் அனுப்பினார்கள். காவல் நிற்க வேண்டிய ஊரோ காலியாகிக் கிடந்தது. ஆயிரக்கணக்கானோர் நிலத்தை விட்டுத் தோர்ணாபால், எர்ரபோர் போன்ற சாலையோர முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டிருந்தார்கள். வர மறுத்த ஊர்களுக்கு மாவோயிஸ்டு ஊர் என்று பெயர் விழுந்தது. பலர் எல்லை தாண்டி ஆந்திரத்தின் கம்மம் பக்கம் ஓடினார்கள்.

பதிலடியும் அதே அளவுக்கு விழுந்தது. 2006 ஜூலையில் எர்ரபோர் முகாமையே மாவோயிஸ்டுகள் தாக்கினார்கள். 2007 மார்ச்சில் ராணிபோத்லி சாவடியில் கொல்லப்பட்ட 55 பேரில் பெரும்பாலோர் எஸ்.பி.ஓ.க்கள். மறுபக்கம், 2011 மார்ச்சில் பாதுகாப்புப் படையும் எஸ்.பி.ஓ.க்களும் போனபோது தாட்மெட்லா, மோர்பள்ளி, திம்மாபுரம் ஊர்களில் வீடுகள் எரிந்தன. நிவாரணப் பொருளோடு போன சமூக ஆர்வலர் சுவாமி அக்னிவேஷ் வழியிலேயே தாக்கப்பட்டார். அந்த ஆண்டு ஜூலை 5 அன்று, சமூகவியல் பேராசிரியர் நந்தினி சுந்தர் முதலானோர் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சுதர்சன் ரெட்டியும் நிஜ்ஜாரும் இந்த எஸ்.பி.ஓ. ஏற்பாடு அரசியலமைப்புக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார்கள். அரைகுறைப் படிப்பும் பயிற்சியும் உள்ள பையன்களைச் சாவுக்கு முன்வரிசையில் நிறுத்தியது, சமத்துவத்துக்கும் உயிர்வாழும் உரிமைக்கும் எதிரானது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

தோடா ஊர்களைத் தாக்க வந்தவர்களில் பலர் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள். ஊர்க்காரருக்கு அவர்கள் அந்நியர். தந்தேவாடா அடங்கிய பஸ்தரிலோ காட்டுக்குள் இருந்த மாவோயிஸ்டுப் படையில் பலர் அதே ஊர்களின் பிள்ளைகள். அங்கே ஒருவன் கையில் துப்பாக்கி கொடுத்தால் அவன் சுடப்போவது மாமன் மகனையோ பக்கத்து வீட்டுக்காரனையோதான். ஆயுதம் கொடுத்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. இத்தனை சாவுக்குப் பிறகும் என்னால் மன்னிக்க முடியாதது இதுதான்.

தோடாவிலும் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. குழுக்களில் இந்துக்களே மிகுதி. பக்கத்து வீட்டு முஸ்லிமுக்கு அந்த ரைபிள் பாதுகாப்பாகத் தெரியவில்லை. உறுப்பினர்கள் மீது கொலை உட்படப் பல வழக்குகள் பதிவாயின. 2013 கிஷ்த்வார் கலவரத்தில் குழுவின் துப்பாக்கிகள் பயன்பட்டதாகப் புகார் எழுந்தது. அந்நியனுக்கு எதிராகக் கொடுத்த ஆயுதம் அண்டை வீட்டின் பக்கம் திரும்பிய இடத்தில், தோடாவுக்கும் தந்தேவாடாவுக்கும் வித்தியாசம் இல்லை.

ஜம்முவின் ரஜோரி மாவட்டத்து டாங்ரியில் 2023 ஜனவரி 1 மாலை நடந்ததையும் பார்க்க வேண்டும். துப்பாக்கியோடு வந்தவர்கள் வீடு வீடாகப் புகுந்து சுட்டார்கள். ஊரில் முன்பு கொடுத்திருந்த ரைபிள்கள் பலவற்றைப் போலீஸ் திரும்ப வாங்கியிருந்தது. எஞ்சிய ஒன்றை எடுத்து ஒருவர் சுட்டதும் வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். ஊர்க்காரரால் முடிந்தது அவ்வளவு, அதை அவர் செய்துவிட்டார். அதற்குப் பிறகான வேலை அரசுடையது. ஆனால் மறுநாள் காலை, தாக்கப்பட்ட வீட்டருகே தாக்கியவர்கள் விட்டுப்போன குண்டு வெடித்து இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். இரவு முழுவதும் நேரம் இருந்தும் அந்த இடத்தைச் சல்லடை போட்டுத் தேடவில்லை.

ஆகவே ஊர்க்காவலுக்கு நான் எதிரியில்லை. போலீஸ் வந்துசேரும் வரை வாசலைக் காக்கும் ரைபிள், யார் கையில் எத்தனை குண்டு என்று கணக்கு வைக்கும் அதிகாரி, எல்லா மதத்தவரும் உள்ள குழு, இவை இருந்தால் கொடுக்கலாம். ஊரை விட்டுக் காட்டுக்குள் வேட்டைக்கு அனுப்புவதாக இருந்தால் கூடவே கூடாது. இன்று ஜம்முவில் குழு உறுப்பினருக்கு மாதம் 4,000 ரூபாய். தலைமை தாங்குபவருக்கு 4,500. 2024 நவம்பரில் கிஷ்த்வாரில் மாடு மேய்க்கப் போன உறுப்பினர்கள் இருவரைப் பயங்கரவாதிகள் கடத்திக் கொன்றார்கள். போலீஸ்காரர் செத்தால் அவர் குடும்பத்துக்கு என்ன கிடைக்குமோ, அது இவர்கள் குடும்பத்துக்கும் ஒரு ரூபாய் குறையாமல் கிடைக்க வேண்டும்.