யாழ்ப்பாணத்தில் கல்வியும் வாழ்வுயர்வும்

கற்றோர் வாழ்வில் உயர்வர் என்பது நம்மிடையே பெருவழக்காய் நிலவும் கொள்கை. இக்கொள்கை முழுதும் உண்மையாயின், ஒத்த கல்வி பெற்ற இரு தலைமுறையினர் ஒத்த உயர்வையும் பெற்றிருத்தல் வேண்டும். வரலாறோ அங்ஙனம் காட்டவில்லை. கல்விக்கும் செல்வத்துக்கும் உள்ள தொடர்பை ஆக்குவன யாவை, அழிப்பன யாவை என்பவற்றை யாழ்ப்பாணத்தின் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் நிலத்தின் இயல்பை நோக்குதல் தகும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறை மேல் அமைந்த நிலம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அங்கு இல்லை. கிணற்று நீரை இறைத்தே உழவர் புகையிலையும் காய்கறியும் விளைவித்தனர். ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த தேசவழமைச் சட்டம் மகளிர்க்குச் சீதனமும் ஆண்மக்களுக்கு முதுசமும் வகுத்தது. ஆதலின், காணி தலைமுறைதோறும் துண்டுபட்டு வந்தது. நிலத்தை மட்டும் நம்பி வாழவியலாத குடும்பங்கள் வேறொரு முதலைத் தேட வேண்டியவாயின. அம்முதலாக வாய்த்ததே ஆங்கிலக் கல்வி.

அமெரிக்க மிசனரிமார் 1816 இல் தெல்லிப்பழையில் தம் பணியைத் தொடங்கினர். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824 இல் உடுவில் மகளிர் பள்ளியும் தோன்றின. செமினரியில் ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானநூலும் கற்பிக்கப்பெற்றன. சமயம் பரப்புவார் ஆயத்தமாதல் வேண்டும் என்பது கற்பித்தோர் கருத்து. அரசுப் பணி பெறுதல் வேண்டும் என்பது கற்றோரிற் பலர் கருத்து. இவ்விரு நோக்கமும் முரண்பட்டமையே 1855 இல் செமினரி மூடப்பட்டதற்குரிய காரணங்களுள் தலையாயது. ஒரு கல்விக்கூடம் தன் மாணவர்க்குப் பெரும்பயன் விளைத்தமையாலேயே மூடப்பட்டது என்னும் இச்செய்தி நம் ஆராய்ச்சிக்கு மிகவும் இன்றியமையாதது. கல்வியின் பயனை உறுதி செய்வது பாடத்திட்டம் மட்டுமன்று, அது திறந்துவிடும் வாயிலும் ஆம் என்பது இதனாற் பெறப்படும்.

அச்செமினரியிற் பயின்ற சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம் பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய 1857 ஆம் ஆண்டிலேயே அதன் முதற் பட்டதாரிகளுள் ஒருவராயினார். மற்றொருவராகிய விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்தவரே. தாமோதரம் பிள்ளை தமிழகத்தில் அரசுப் பணியில் அமர்ந்து, பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கினார். 1887 இல் கலித்தொகையை முதன்முதல் அச்சேற்றியவரும் அவரே. ஆங்கிலக் கல்வி அளித்த பதவியில் இருந்தவர் பழந்தமிழ் நூல்களின் மீட்புக்கு உழைத்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

மிசனரிப் பள்ளிகளின் பயனைக் கண்ட சைவர் தாமும் அவ்வழியை மேற்கொண்டனர். ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1872 இல் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியும், 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் எழுந்தன. சமயப் போட்டி பள்ளிகளைப் பெருக்கிற்று. பள்ளிகள் பெருகவே, கற்றோர் தொகை குடாநாட்டின் தேவையைக் கடந்தது. அங்ஙனம் கடந்தோர்க்குக் கொழும்பு அலுவலகங்களும், மலாயாவின் புகைவண்டி, நில அளவை, பொதுப்பணித் துறைகளும் இடமளித்தன. அவர் அனுப்பிய பணம் கல்வீடுகளாகவும் கோயில் திருப்பணிகளாகவும் சீதனமாகவும் ஊரில் உருப்பெற்றது. உத்தியோக மாப்பிள்ளைக்குச் சீதனம் ஏறிற்று. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என அந்நாட்டில் வழங்கும் பழமொழி இந்நிலையைத் தெற்றெனக் காட்டும்.

இப்பயன் எல்லார்க்கும் கிட்டிற்றா எனின், இல்லை என்றே கூறல் வேண்டும். தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் பிள்ளைகள் பல பள்ளிகளிற் சேர்க்கப்படவில்லை; சேர்க்கப்பட்ட இடத்தும் தரையில் இருத்தப்பட்டனர். 1930 ஆம் ஆண்டையொட்டி, அரசின் உதவி பெறும் பள்ளிகளிற் சமஆசனம் அளித்தல் வேண்டும் என விதிக்கப்பட்டபொழுது எதிர்ப்பு எழுந்தது. சில பள்ளிகள் தீக்கிரையாயின. கல்வியாற் பொருள் வரும் என்பதை நன்கறிந்தமையாலேயே அதனைப் பிறர் அடையாவண்ணம் தடுக்கச் சிலர் முயன்றனர். பிற்காலத்தில் தாம் எய்திய தடையை நோக்கி வருந்திய சமுதாயம், முன்பு தான் பிறர்க்கிட்ட தடையையும் எண்ணிப்பார்த்தல் முறையாகும்.

1945 இல் இலங்கையில் இலவசக் கல்வி ஏற்பட்டது. கற்போர் தொகை நாடெங்கும் பெருகிற்று. அரசுப் பதவிகளோ அவ்வளவிற் பெருகவில்லை. 1956 இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி எனச் சட்டம் இயற்றப்பட்டபின், ஆங்கிலம் கற்ற தமிழரின் கைம்முதல் மதிப்பிழந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் தரப்படுத்தல் என்னும் முறை பல்கலைக்கழகப் புகுமுகத்திற் புகுத்தப்பட்டது. மொழிவாரியாகப் புள்ளிகளைச் சரிசெய்யும் முறையாகத் தொடங்கி, பின்னர் அது மாவட்ட ஒதுக்கீட்டோடும் இணைந்தது. அறிவியல் சார்ந்த துறைகளிற் புகுந்தோருள் தமிழர் பங்கு 1970 இல் நூற்றுக்கு 35 அளவில் இருந்தது. 1975 இல் நூற்றுக்கு 19 அளவாகக் குறைந்தது.

ஈண்டு நடுநிலை பிறழாது ஒன்று கூறல் வேண்டும். மாவட்ட ஒதுக்கீட்டால் நல்ல பள்ளிகள் அற்ற பின்தங்கிய மாவட்டங்களின் மாணவர் பயன் பெற்றனர். அவருள் தமிழரும் முசுலிம்களும் இருந்தனர். எனினும், ஒரே தேர்வை எழுதிய இருவருக்கு மொழி நோக்கி வெவ்வேறு அளவுகோல் வைத்தமை இளைஞர் உள்ளத்தில் ஆறாப் புண்ணாயிற்று. கல்லாதவன் வாயில் அடைபட்டால் அவன் அதனை ஊழ் எனக் கொள்ளலும் கூடும். கற்றவனோ அதனை அநீதி என்றே கொள்வான். பின்னர் விளைந்த நெடும்போரின் காரணங்களுள் இதுவும் ஒன்று என்பதை வரலாற்றாசிரியர் பலர் ஒப்புவர்.

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். நிலம் குறைந்த இடத்துக் கல்வி முதலாகும் என்பது ஒன்று. அம்முதலின் வருவாய், கற்றவன் திறத்தினும் அவனை ஏற்கும் வேலையையும் ஆட்சியையும் பெரிதும் சார்ந்தது என்பது மற்றொன்று. கல்வி முன்னரே உள்ள ஏற்றத்தாழ்வைத் தானே அழிப்பதில்லை. வாயில் எல்லார்க்கும் திறந்தவிடத்தே அழிக்கும் என்பது மூன்றாவது. ஆகலின், பள்ளிகளைப் பெருக்குதலோடு அமையாது, கற்றோர் செல்லும் வழியையும் நேர்மையாக அமைத்தல் ஆள்வோர் கடனாம்.