சட்டம் உருவாக்கிய தொழில்: இந்தியச் சுற்றுச்சூழல் வல்லுநர்களின் வளர்ச்சி, 1974–2025

இந்தியாவில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துறையில் மட்டும் 2023இல் சுமார் 10 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள் என்பது ஐரினா எனப்படும் பன்னாட்டு முகமையின் மதிப்பீடு. அதைத் தாண்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளர், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டாளர், ஆற்றல் தணிக்கையாளர், பெருநிறுவனங்களின் நிலைத்தன்மை அலுவலர் என்று ஒரு பெரிய வல்லுநர் கூட்டமும் உருவாகியிருக்கிறது. சந்தைத் தேவையும் இளைஞர்களின் விழிப்புணர்வும் இதை வளர்த்தன என்று சொல்லப்படுவதுண்டு. ஆண்டுவாரியாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இந்தப் பணிகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் ஒரு சட்டமோ தீர்ப்போ நிற்கிறது. அந்தச் சட்டம் வல்லுநருக்குச் சம்பளம் தரும் பொறுப்பை யாரிடம் விட்டதோ, அதைப் பொறுத்தே அவருடைய வேலையின் நேர்மையும் அமைந்தது.

தொடக்கம் 1974ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டம். 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டுக்குப் பிறகு வந்த இச்சட்டம் மத்திய, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கு வழி வகுத்தது. நீர் மாதிரி எடுக்கும் முறையையும் அதுவே வகுத்துத் தந்தது: ஆலைக்காரருக்கு அந்த இடத்திலேயே அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, கலங்களுக்கு முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இந்தச் சடங்கை நீதிமன்றத்தில் நிற்கும்படி செய்யத் தெரிந்தவரே இந்நாட்டின் முதல் தலைமுறைச் சுற்றுச்சூழல் வல்லுநர். அவருக்குச் சம்பளம் தந்தது அரசு. ஆட்கள் குறைவு, அழுத்தங்கள் அதிகம் என்றாலும், அளக்கப்படுகிறவரிடம் அவர் கூலி வாங்கவில்லை.

போபால் விபத்துக்குப் பின் வந்த 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 1994இல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வெளியானது. இங்கேதான் பாதை மாறியது. அணையோ சுரங்கமோ தொடங்க விரும்புகிறவரே ஆலோசகரை அமர்த்தி, அறிக்கை எழுதச் செய்து, கட்டணமும் கொடுக்கலாம் என்று ஆனது. தனியார் ஆலோசனை நிறுவனங்கள் பெருகின. ரத்தினகிரி மாவட்டத்தின் பாக்சைட் சுரங்கம் ஒன்றுக்கான அறிக்கையில், ரஷ்யச் சுரங்கம் பற்றிய அறிக்கையின் பகுதிகள் அப்படியே இடம்பெற்றிருந்தது வெளியே வந்தது. பின்னர் ஆலோசகர்களுக்கு அங்கீகாரச் சான்று கட்டாயமாயிற்று. காற்று, நீர், சூழலியல், சமூகப் பொருளாதாரம் என ஒவ்வொரு பிரிவுக்கும் தகுதி பெற்ற நிபுணர் தேவைப்பட்டார். தகுதி உயர்ந்தது; கட்டணம் தருபவர் மாறவில்லை.

அந்த ஏற்பாட்டின் விளைவை மிகத் தெளிவாகக் காட்டியது குஜராத். அங்கே 1996இல் உயர் நீதிமன்ற உத்தரவால், மாசு மிகுந்த ஆலைகளுக்கு மூன்றாம் தரப்புத் தணிக்கை வந்தது. தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்ததும் அவருக்குப் பணம் கொடுத்ததும் ஆலைதான். எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகிய பொருளியலாளர்கள் மாநில வாரியத்துடன் சேர்ந்து அகமதாபாத், சூரத் பகுதிகளின் 473 ஆலைகளில் இரண்டாண்டு ஆய்வு நடத்தினார்கள். புகைத்தூசுக்கான வரம்பு கன மீட்டருக்கு 150 மில்லிகிராம். தணிக்கை அறிக்கைகளின் அளவுகள் அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே வந்து குவிந்திருந்தன. வரம்பை மீறியவை 7 சதவீத ஆலைகளே என்றன அறிக்கைகள். ஆய்வுக் குழுவின் மறு அளவீட்டில் மீறியவை 59 சதவீதம்.

பிறகு ஒரு பகுதி ஆலைகளுக்கு மட்டும் முறையை மாற்றினார்கள். தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, பொது நிதியிலிருந்து நிலையான கட்டணம் கொடுத்து, சில அளவுகளை மீண்டும் சரிபார்த்தார்கள். பொய்யாக 'வரம்புக்குள்' என்று எழுதுவது 80 சதவீதம் குறைந்தது. அந்த ஆலைகள் வெளியேற்றிய மாசும் குறைந்தது. அதே படிப்பு, அதே கருவி, ஒரே ஊரின் தணிக்கையாளர்கள். பசுமைத் திறன் பயிற்சி பற்றிப் பேசுகிற ஒவ்வொருவரும் முதலில் படிக்க வேண்டிய ஆய்வு இதுவே என்பேன். 2015இல் குஜராத் தன் தணிக்கை விதிகளையே இதன் வழியில் திருத்திக்கொண்டது.

ஆற்றல் தணிக்கையாளரின் கதை வேறு. 2001ஆம் ஆண்டு ஆற்றல் சேமிப்புச் சட்டம், 2002இல் ஆற்றல் திறன் செயலகம், 2004 முதல் தேசியத் தேர்வு. 2012இல் தொடங்கிய திட்டத்தின்படி 8 துறைகளின் 478 பெரிய ஆலைகளுக்குக் குறைப்பு இலக்கு. கொதிகலனில் வெப்பம் வீணாவதைக் கண்டுபிடித்துச் சொன்னால் முதலாளிக்குப் பணம் மிச்சம். எனவே ஆலைப் பணத்தில் வேலை செய்தாலும் உண்மையை எழுதுவதில் இவருக்குச் சங்கடம் குறைவு.

திருப்பூர் இந்த இரண்டு வகையிலும் அடங்காது. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவால் கெட்டுப்போன நிலையில், விவசாயிகள் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறைக்கு வந்த பிறகே அவை திறந்தன. பொது சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுநீர் முதலில் உயிரியல் தொட்டிக்கும், பின்பு உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வுக்கும் போகிறது, மிஞ்சும் உப்புக் கரைசல் ஆவியாக்கியில் காய்ந்து உப்பாகிறது. மீட்ட நீரும் உப்பும் மறுபடி சாயமிடவே பயன்படுகின்றன. ஷிப்டு முறையில் சவ்வின் அழுத்தத்தையும் நீரில் கரைந்த திடப்பொருளின் (டி.டி.எஸ்.) அளவையும் கவனித்துக்கொண்டிருக்கும் ஆபரேட்டர் இல்லாவிட்டால் நிலையமும் இல்லை, பின்னலாடையும் இல்லை. இவரையும் பசுமைத் தொழிலாளர் என்றே எண்ண வேண்டும். சூரியத் தகடு பொருத்துவோருக்காக 2015இல் தொடங்கிய சூரியமித்ரா பயிற்சி பெற்ற பெயரை, இந்தத் திறன் இன்னும் பெறவில்லை.

அண்மை வளர்ச்சி பங்குச் சந்தை வழியாக வந்தது. பங்குச் சந்தை ஒழுங்காற்று வாரியமான செபியின் 2021 உத்தரவுப்படி, சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் 2022–23 முதல் நிலைத்தன்மை அறிக்கை தருவது கட்டாயம். பெருநிறுவனங்களில் இதற்கென்றே தனிப் பிரிவுகள் முளைத்தன. 2023இல் முக்கியக் குறியீடுகளுக்கு வெளியார் உறுதிச்சான்றும் கேட்கப்பட்டது; 2025இல் அது 'மதிப்பீடு அல்லது உறுதிச்சான்று' எனத் தளர்ந்தது. சான்று தருபவரை அமர்த்துவது நிறுவனமே. அதே 2025இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் தணிக்கை விதிகள், பதிவு பெற்ற தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கும் வழியைத் தேர்ந்தன. ஒரே நாட்டில், ஒரே காலத்தில், எதிரெதிரான இரு ஏற்பாடுகள் ஓடத் தொடங்கியிருக்கின்றன. இரண்டின் அறிக்கைகளும் சேரச் சேர, ஆய்வாளர்கள் அவற்றை அருகருகே வைத்து, அளவுகள் எங்கே குவிகின்றன என்று பார்க்க முடியும்.