சயாம் மரண இரயில் பாதை: நன்மை யாருக்கு?

பெருந்திட்டங்களின் நன்மை தீமைகளைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு நம் மாணவர்களைப் பணிக்கின்றோம். ‘பயணம் எளிதாகும், வாணிகம் பெருகும், காடு அழியும்’ என அவர்களும் பட்டியலிடுகின்றனர். நன்மை யாருக்கு, அதற்கு விலை கொடுப்பவர் யார் என்று வினவவும் அவர்களைப் பழக்குதல் வேண்டும். சயாம் மரண இரயில் பாதையின் வரலாறு இதற்குத் தக்க பாடமாகும்.

இரண்டாம் உலகப் போரில், பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைகளுக்குக் கடல்வழியே தளவாடங்களை அனுப்புவது ஆபத்தாயிற்று. எனவே தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதையை ஜப்பானியர் 1942-இல் தொடங்கி, 1943 அக்டோபரில் முடித்தனர். பொறியியல் நோக்கில் அது வியத்தகு வேகமே.

அவ்வேகத்திற்கு விலையாக 12,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் மாண்டனர். பசியாலும் காலராவாலும் மடிந்த ஆசியத் தொழிலாளர்களோ அதனினும் பன்மடங்கினர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் அவர்களுள் பலர். போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. நம்மவருள் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை.

இன்றும் தாய்லாந்தில் அப்பாதையின் ஒரு பகுதியில் இரயில் ஓடுகின்றது. ஊர் மக்களும் சுற்றுலாப் பயணிகளும் பயனடைகின்றனர். அது மெய்யான நன்மையே. ஆயினும், மாண்டவர்க்கோ தோட்டத்தில் காத்திருந்த அவர்தம் மனைவி மக்களுக்கோ அதில் பங்கில்லை. நன்மை ஒருவர்க்கும் இழப்பு வேறொருவர்க்கும் சேருமிடத்து, வெறும் கூட்டல் கழித்தலால் விடை காண இயலாது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! பிள்ளைகளின் கட்டுரையில் இவ்வினாவிற்கும் ஒரு பத்தி இருக்கட்டும்.